நட்சத்திரம் பார்க்கப் போய்ச் செய்யும் தவறுகள்

நகரத்தை விட்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், இருட்டான ஒரு மேட்டில் இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். வானத்தில் குறையில்லை. இறங்கின ஐந்தாவது நிமிடம் போனைக் கையில் எடுத்ததுதான் குறை.

இருட்டுக்குள் வந்ததும் கண்ணின் பாவை சில விநாடிகளில் விரிந்துவிடும். அது சின்ன உதவிதான். பெரிய வேலையைச் செய்வது விழித்திரையில் உள்ள கோல் செல்கள். அவற்றில் ரோடாப்சின் என்றொரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும், இருட்டில் மெல்ல மெல்லத் திரும்பச் சேரும். ஓரளவுக்குச் சேரவே 20 முதல் 30 நிமிடம் ஆகும், முழுதாகச் சேர இன்னும் கூட. அப்படிச் சேர்ந்ததில் பெரும்பகுதி, மணி என்ன என்று போனைப் பார்க்கிற நேரத்தில் கலைந்துவிடும்.

போனையாவது பையில் போட்டுவிடலாம். கார் அதைவிடத் தொந்தரவு. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். டிக்கியில் ஒரு விளக்கு. சாவிப் பொத்தானை அழுத்தினால் நாலு மூலை இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும். ஒருவர் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால் பத்துப் பேருடைய அரை மணி நேரம் போச்சு. அதனால் பாய், போர்வை, தண்ணீர் எல்லாவற்றையும் முதலிலேயே வெளியே எடுத்து வைத்துவிட்டு, உள்விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் டார்ச் முகத்தில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டலாம். கோல் செல்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை. ஆனால் சிவப்புதானே என்று பளீரென்று அடித்தால் அதுவும் கெடுக்கும். இன்னொரு உபாயம்: வெளிச்சத்தைப் பார்க்க வேண்டி வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்களும் தனித்தனியாகத்தான் இருட்டுக்குப் பழகுகின்றன.

அடுத்தது, விடுமுறையைப் பார்த்து நாள் குறிப்பது. நிலாவைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பௌர்ணமியன்று எவ்வளவு தொலைவு போனாலும் பால்வீதி தெரியாது. அதற்காக அமாவாசைக்கே காத்திருக்கவும் வேண்டாம். பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். நாலைந்து நாள் போனால் முன்னிரவிலேயே நல்ல இருட்டு கிடைத்துவிடும். சூரியன் மறைந்த உடனேயும் அவசரப்படக் கூடாது. அது தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் முழு இருட்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் அதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும், விலகிப் போகப் போக இன்னும் அதிகம்.

திசையை யாரும் யோசிப்பதேயில்லை. பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி தனுசு, விருச்சிகம் பக்கம் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு அது தென்வானம். நகரம் உங்களுக்குத் தெற்கே இருந்தால் அதன் மஞ்சள் ஒளி சரியாக அந்த இடத்தைத்தான் விழுங்கும். நகரத்துக்குத் தெற்கே போய், அதை முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாலைகளில் இந்தப் பகுதி நன்றாகத் தெரியும். டிசம்பர் கடைசியில் தேடினால் கிடைக்காது, சூரியனே அந்தப் பக்கம்தான் நிற்கும்.

அப்புறம் இந்தப் புகைப்படங்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பொங்கி வழிகிற பால்வீதியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். கேமரா பல விநாடி ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அப்படி முடியாது. கோல் செல்களுக்கு நிறமும் தெரியாது. முதல் தடவை நான் பால்வீதியைப் பார்த்தபோது மேகம் என்று நினைத்து, அது கலைவதற்காக உட்கார்ந்திருந்தேன்! முக்கால் மணி நேரம் கழித்தும் அது கலையவில்லை, நட்சத்திரங்களோடு சேர்ந்து மேற்கே நகர்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது.

மங்கலான எதையும் நேராக முறைத்துப் பார்க்கக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே கிடையாது. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற ஒரு புகைத் திட்டு. அதையே உற்றுப் பார்த்தால் மங்கி மறையும், பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும். கார்த்திகைக் கூட்டத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நேராக எண்ணினால் ஆறு தெரிகிறவர்களுக்கு, ஓரக்கண்ணால் பார்த்தால் ஏழாவதும் சில சமயம் எட்டாவதும் தட்டுப்படும்.

தொலைநோக்கி வாங்கித்தான் ஆக வேண்டுமா? முதல் சில இரவுகளுக்கு வேண்டாம் என்பேன். பெட்டியில் '525 மடங்கு' என்று போட்டிருக்கும் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் உருப்படியாகப் பார்க்க முடிவது 120 மடங்கு வரைதான். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 50 மில்லிமீட்டர்) போதும், பிறகும் வீணாகாது. எரிகல் பொழிவுக்கு அதுகூட வேண்டாம். ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் பெர்சீட்ஸ், டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட்ஸ். பாயை விரித்து மல்லாந்து படுத்து, நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தால் சரி. பகலில் வெயில் கொளுத்துகிற இடமானாலும் போர்வை எடுத்துப் போங்கள். மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், பனியும் இறங்கும்.

இடத்தைப் பகலிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பள்ளம் எங்கே புதர் எங்கே என்று இருட்டில் தெரியாது. எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டும் போக வேண்டும்.

கிளம்பும்போது சாவியைத் தொடுவதற்கு முன், இன்னும் படுத்திருப்பவர்களிடம் "லைட் போடப் போறேன், கண்ணை மூடிக்கோங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.