இருநூறு பேர் கூடும் காணொளிக் கூட்டம்: முதல்முறை நடத்துபவருக்கான செய்முறை

பத்துப் பேர் கூடும் காணொளிக் கூட்டத்தை யாரும் நடத்திவிடலாம். இரைச்சல் கேட்டால், "மைக்கை அணையுங்கள்" என்று சொன்னால் போதும். இருநூறு பேர் கூடினால் அப்படிச் சமாளிக்க முடியாது. ஜூமின் ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 49 முகங்கள்தான் தெரியும். மற்றவர்களைப் பார்க்கப் பக்கம் புரட்ட வேண்டும். அதைச் செய்துகொண்டே உரையாற்றவும் முடியும் என்று நினைப்பவர்கள் பாதியில் திணறிப்போகிறார்கள். பேசுபவர் ஒருவர், கூட்டத்தைக் கவனிப்பவர் வேறொருவர் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

படி 1: கூட்டமா, வெபினாரா?

வருகிறவர்கள் வாய் திறந்து பேச வேண்டுமா, கேட்டால் போதுமா? கேட்டால் போதும் என்றால் வெபினாரே நல்லது. அதில் பார்வையாளர்களின் மைக்கும் கேமராவும் தொடக்கத்திலிருந்தே அணைந்திருக்கும். பாதித் தலைவலி குறையும். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. இருநூறு பேர் கூடும் சாதாரணக் கூட்டத்துக்கும் இலவசக் கணக்கு போதாது: ஜூம், கூகுள் மீட் இரண்டிலும் அதில் 100 பேர்தான் சேரலாம். ஜூமில் 40 நிமிடத்திலும், மூவரோ அதற்கு மேலோ கூடும் மீட் கூட்டம் 60 நிமிடத்திலும் முடிந்துவிடும்.

படி 2: ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக்கொடுங்கள்

மூன்று பேராவது வேண்டும். ஒருவர் பேசுவார். இன்னொருவர் வாசலைக் காப்பார்: உள்ளே விடுவது, மைக்கை அணைப்பது, தொல்லை தருபவரை வெளியேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாமவர் அரட்டைப் பெட்டியில் வரும் கேள்விகளைத் திரட்டி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பேச்சாளருக்குக் கொடுப்பார். பின்னிருவருக்கும் கூட்டம் தொடங்கியவுடனேயே இணைத் தொகுப்பாளர் (co-host) உரிமையை, அதாவது உங்களோடு சேர்ந்து கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையை, கொடுத்துவிடுங்கள். உங்கள் இணையம் துண்டிக்கப்பட்டாலும் கூட்டம் நடக்கும். இந்த மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வாட்ஸ்அப் போன்ற தனி வழி ஒன்று இருக்கட்டும். கூட்டத்தின் அரட்டைப் பெட்டியிலேயே ரகசியம் பேசினால், ஒருநாள் அது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

படி 3: அமைப்புகளைச் சரிபாருங்கள்

2020 தொடக்கத்தில் அழையா விருந்தாளிகள் ஜூம் வகுப்புகளுக்குள் புகுந்து ஆபாசப் படங்களைத் திரையிட்டது பெரும் செய்தியானது. அந்த ஏப்ரலில்தான் ஜூம் நிறுவனம் கடவுச்சொல்லையும், அனுமதிக்கும்வரை வருபவரை வெளியே நிறுத்தும் காத்திருப்பு அறையையும் இயல்பு அமைப்பாக்கியது. இன்றும் கவனிக்க வேண்டியவை இவை:

- திரையைப் பகிரும் உரிமை தொகுப்பாளருக்கு மட்டும்.
- உள்ளே வரும்போதே மைக் அணைந்திருக்க வேண்டும். தாங்களாகவே திறக்கும் வசதியும் நீக்கப்பட வேண்டும்.
- உங்கள் நிரந்தரத் தனிப்பட்ட கூட்ட எண் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண் உருவாக்குங்கள்.

காத்திருப்பு அறை விஷயத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இருநூறு பேரை ஒவ்வொருவராகப் பெயர் பார்த்து உள்ளே விடுவது நடக்காத காரியம். கடைசியில் எல்லோரையும் மொத்தமாக அனுமதித்துவிடுவீர்கள். அதைவிட முன்பதிவு வைத்து, பதிந்தவர்களுக்கு மட்டும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புவது பயன் தரும். சமூக ஊடகத்தில் பதிவுப் பக்கத்தை மட்டும் பகிருங்கள். கூட்டத்தின் இணைப்பை ஒருபோதும் அங்கே போடாதீர்கள்.

படி 4: ஒத்திகை

முதல் நாளே பேச்சாளரை அழைத்து, அவர் பயன்படுத்தப்போகும் அதே கணினியில் சோதியுங்கள். வைஃபையைவிடக் கம்பி இணைப்பு நம்பகமானது. பேச்சாளருக்குப் பதிவேற்ற வேகமே முக்கியம். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். படம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் உடைந்தால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே ஹெட்செட் கட்டாயம். காணொளி ஏதேனும் திரையிடுவதென்றால், பகிரும்போது கணினியின் ஒலியையும் சேர்க்கும் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மறந்தால் படம் மட்டும் ஊமையாக ஓடும்.

படி 5: கூட்ட நாளில்

இருபது நிமிடம் முன்பே திறந்து, தொடங்கும் நேரத்தைத் திரையில் காட்டுங்கள். கூட்டத்தைக் காணொளியாகப் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே அறிவியுங்கள். கேள்வி கேட்கும் முறையையும் சொல்லுங்கள்: எழுதலாமா, கைதூக்கும் பொத்தானை அழுத்த வேண்டுமா என்று. பின்னால் வருபவர்களுக்கு அரட்டையின் பழைய செய்திகள் பெரும்பாலும் தெரியாது. முக்கியமான இணைப்புகளை அவ்வப்போது மீண்டும் இடுங்கள்.

ஜூமில் பிறர் மைக்கை நீங்கள் அணைக்கலாம். ஆனால் திறக்கும்படி கேட்க மட்டுமே முடியும். திறப்பது அவர் கையில் இருக்கிறது. அந்த மௌனமான நொடிகளைத் தவிர்க்க, "அடுத்து இவர், அவருக்குப் பின் இவர்" என்று இரண்டு பெயர்களைச் சேர்த்தே அழையுங்கள். கீச்சென்ற எதிரொலி கேட்டால், ஒரே அறையில் இரண்டு கருவிகளின் மைக்கும் ஒலிபெருக்கியும் திறந்திருக்கும்.

விஷமி எவரேனும் புகுந்துவிட்டால் விவாதிக்காதீர்கள். பங்கேற்பாளர் செயல்பாடுகளை நிறுத்திவைக்கும் பொத்தான் ஜூமில் உண்டு. அதை அழுத்தினால் ஒலி, படம், அரட்டை, திரைப் பகிர்வு அனைத்தும் நிற்கும். ஆளை வெளியேற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திறவுங்கள்.

படி 6: முடித்த பிறகு

வெறுமனே வெளியேறாமல், எல்லோருக்குமாகக் கூட்டத்தை முடியுங்கள். பதிவைச் சொந்தக் கணினியில் சேமித்தால், ஜூம் அதைக் காணொளிக் கோப்பாக மாற்றச் சிறிது நேரம் எடுக்கும். அது முடியும்வரை மடிக்கணினியை மூடாதீர்கள்.