சன்ஸ்கிரீன் கொஞ்சம், சீரம் நிறைய: முகப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த க்ரீம் வாங்கலாம் என்று மணிக்கணக்கில் தேடுகிறோம். வாங்கியதை எவ்வளவு போடுவது, எத்தனை முறை போடுவது என்று யோசிப்பதே இல்லை. தாராளமாகப் போட வேண்டியதைத் தொட்டுக்கொள்கிறோம், தொட்டுக்கொள்ள வேண்டியதை அள்ளிப் பூசுகிறோம்.

முதலில் சன்ஸ்கிரீன். ட்யூபில் இருக்கும் எஸ்.பி.எஃப். எண் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதன் அளவு), ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்ததில் கிடைத்தது. பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. முதல் தடவை 'இவ்வளவா?' என்றுதான் தோன்றும். வழுக்கினால் ஒரு கோட்டைப் பூசி, அது ஊறியதும் அடுத்ததைப் பூசலாம். எஸ்.பி.எஃப். 30 தோலைச் சுடும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம். ஆகவே 50-ஐ பட்டும் படாமலும் தடவுவதைவிட 30-ஐ ஒழுங்காகப் பூசுவதே மேல். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இந்த அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் போடுவதில்லை.

இதற்கு நேர்மாறு சீரம் விஷயம், அதாவது செறிவான உட்பொருள் கொண்ட மெல்லிய திரவம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), கிளைகோலிக் ஆசிட் (இறந்த செல்களை உரிக்கும் அமிலம்), வைட்டமின் சி என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால், முகம் எரியும்போது எது காரணம் என்றே தெரியாது. 'எரிந்தால்தான் வேலை செய்கிறது' என்ற பேச்சை நம்பவே வேண்டாம். சாதாரண மாய்ஸ்சரைசர் பட்டாலே எரிகிறது என்றால் தோலின் மேல் அரண் பழுதாகியிருக்கிறது. அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இந்த மூன்றோடு சில வாரங்கள் இருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ரெட்டினால் பட்டாணி அளவு போதும். இரவில் மட்டும், முதலில் வாரத்துக்கு இரண்டு நாள். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

முகம் 'கிறீச்' என்று ஆகும்வரை கழுவுவதும் இதே ரகம். தோலின் பி.எச். (அமிலமா, காரமா என்று காட்டும் எண்) சுமார் 5, அதாவது லேசான அமிலம். சாதாரண சோப்பினுடையது 9, 10 வரை போகும், அது காரம், தோலை வறட்டிவிடும். நாளைக்கு இரண்டு தடவை கழுவினால் போதும். எண்ணெய் வழியும் முகம் என்று மாய்ஸ்சரைசரை விடவும் வேண்டாம், எடை குறைந்த ஜெல் வகையாக வாங்கினால் சரி. எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும், அது ஆறியபின் மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரலாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஸ்டீராய்டு க்ரீம். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று எழுதியிருப்பதை டாக்டர் சொல்லாமலே முகம் வெளுக்க, கரும்புள்ளி போகப் பூசுகிறார்கள். முதல் சில நாட்கள் முகம் பளிச்சென்று இருக்கும், அதனால்தான் மேலும் பூசத் தோன்றுகிறது. போகப்போகத் தோல் மெலியும், சிவந்த ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். யார் நல்லது என்று கொடுத்தாலும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். நெடுநாளாகப் பூசிவருபவர்கள் தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துவது நல்லது.

மேக்கப்பில் சின்னச் சின்னத் தவறுகள்தான். ஃபவுண்டேஷன் நிறத்தைக் கையின் பின்புறத்தில் பார்க்காமல், தாடை ஓரத்தில் தடவிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில நிமிடம் பொறுங்கள், சிலது காய்ந்ததும் கருத்துவிடும். மஸ்காரா குச்சியைக் குழாய்க்குள் மேலும் கீழும் குத்தினால் காற்று புகுந்து சீக்கிரம் காயும். திறந்து 3 மாதம் ஆனதும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கண்ணில் தொற்று வந்திருந்தால் அன்றைக்கே. மற்றவற்றுக்கு, டப்பாவில் மூடி திறந்த ஜாடிப் படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான் ஆயுள். பிரஷ்களை வாரம் ஒருமுறை கழுவுங்கள். கழுவியதும் நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்துக் காயவிடுங்கள். நிமிர்த்தினால் தண்ணீர் அடியில் இறங்கிப் பசை விட்டு முடி கொட்டும்.