இந்த மருந்து இவருக்கு இலவசமா? கவுண்டரில் சரிபார்க்கும் முறை

பிரான்சின் தீவான ரீயூனியனில் மருந்துக்கடை வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது கார்த் விதால் என்ற பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கருவியில் செருகுவது. திரையில் உரிமை இருப்பதாகக் காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கார்டு பாதிதான் சொல்லும், மீதி ஒர்தொனான்ஸில், அதாவது டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டில் இருக்கிறது. சேந்த்-ஆந்த்ரேயில் பல வருடமாகக் கவுண்டரில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: கார்டையும் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நம் தீவில் சர்க்கரை நோய் அதிகம். அதனால் ஆ-எல்-தே எனப்படும் நீண்டகால நோய் உரிமை உள்ளவர்கள்தான் நம்மிடம் நிறைய வருவார்கள். அவர்களுடைய சீட்டு இரண்டு பகுதியாக இருக்கும். மேல் பகுதியில் அந்த நோய்க்கான மருந்து, அதற்கு அரசு மருத்துவக் காப்பீடு தருவது நூறு சதவீதம். கீழ்ப் பகுதியில் மற்றவை, அவற்றுக்கு எல்லோருக்கும் உள்ள 65, 30 அல்லது 15 சதவீதம்தான். மீதியைக் கூடுதல் காப்பீடு ஏற்கும். அது இல்லாவிட்டால் நோயாளி கொடுக்க வேண்டும். மெட்ஃபார்மின் மேலே, பாரசிட்டமால் கீழே என்று எழுதியிருந்தால், "எனக்கு நூறு சதம் இருக்கேம்மா, ஏன் காசு கேக்குற?" என்று பாட்டி கேட்பார். சீட்டைத் திருப்பிக் காட்டி, கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று தமிழிலோ கிரியோலிலோ நிதானமாகச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நீண்டாலும் பரவாயில்லை.

ரத்த அழுத்தத்தில்தான் குழப்பம் அதிகம். கடுமையான ரத்த அழுத்தத்தை 2011இல் ஆ-எல்-தே நோய்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் சர்க்கரையோடு சேர்ந்த பிரஷர் என்று டாக்டர் கருதினால் அந்த மருந்தை மேலே எழுதலாம். அது அவர் முடிவு. இடம் மாறி எழுதியிருப்பதாகத் தோன்றினால் போன் செய்து கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 31 மார்ச் 2024 முதல் மருந்துப் பெட்டி ஒன்றுக்கு 1 யூரோ பிடிக்கிறார்கள், வருடத்துக்கு அதிகபட்சம் 50 யூரோ. நூறு சதம் உள்ளவர்களுக்கும் இது உண்டு. கவுண்டரில் நாம் வாங்குவதில்லை. பின்னால் 'சோசியால்' என்று நாம் சொல்லும் அரசு மருத்துவக் காப்பீடு தரவேண்டிய பணத்தில் கழியும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள், சே-எஸ்-எஸ் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான கூடுதல் காப்பீடு) உள்ளவர்கள், ஆறாம் மாதம் தொடங்கிய கர்ப்பிணிகள் ஆகியோருக்குப் பிடித்தம் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு ஆறாம் மாதத்தின் முதல் நாளிலிருந்து, பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் வரை நூறு சதவீதம். காப்பீடு திருப்பித் தரும் மருந்துகளுக்கு மட்டும்தான் இது, சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் அல்ல. கார்டில் இன்னும் ஏறவில்லை என்றால் கடையில் இருக்கும் இயந்திரத்தில் புதுப்பிக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லோரும் செய்ய வேண்டியது அது.

அப்புறம், ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி மலிவாகத் தயாரிப்பது. டாக்டர் காரணம் குறிப்பிட்டு மாற்றக்கூடாது என்று எழுதாதபோது, நோயாளி ஜெனரிக் வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் முதலில் அவரே கட்ட வேண்டும். பெட்டியின் நிறம் மாறியதால்தான் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பழைய பெட்டியின் பெயரைப் புதியதன்மேல் எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

2018 முதல் இலங்கையிலிருந்து படகில் வந்து அடைக்கலம் கேட்டவர்களில் தமிழர்களும் உண்டு. அந்த நிலையில் உள்ளவர்களிடம் பச்சைக் கார்டு இல்லாமல், உரிமையைக் காட்டும் காகிதம் மட்டும் இருக்கலாம். கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். காகிதத்தில் உள்ள எண்ணையும் முடிவுத் தேதியையும் பாருங்கள். பெயர் முன்பின்னாக இருந்தால் பிறந்த தேதியோடு ஒப்பிடுங்கள். புரியவில்லை என்றால் கடையின் மருந்தாளரைக் கூப்பிடுங்கள்.

சே-எஸ்-எஸ் உரிமை ஒரு வருடத்துக்குத்தான். முடிவதற்கு நான்கு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் புதுப்பிக்க மனுப் போட வேண்டும். தேதி திரையில் தெரியும்போதே, மருந்துப் பையின்மேல் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையிடம் காட்டச் சொல்லுங்கள்.