குறுக்கே பேசிய பயிற்சியாளரை அடக்கிய விதம்

நேர்காணலுக்குப் பேசிப் பழக நான் உருவாக்கிய குரல்வழி ஏஐ பயிற்சியாளருக்குப் பொறுமையே இல்லை. "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்கும், எதிரில் இருப்பவர் "அது வந்து..." என்று மூச்சு வாங்குவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடும்.

பேச்சு முடிந்ததைக் கண்டறியும் பகுதிதான் காரணம். அரை விநாடி மௌனம் கிடைத்தாலே பதில் முடிந்தது என்று அது முடிவுகட்டியது. அரட்டைக்கு அது போதும். யோசித்துப் பேசுகிறவருக்குப் போதாது. காத்திருப்பை 2 விநாடியாக்கினேன். குறுக்கீடு குறைந்தது, ஆனால் "ஆம்" என்ற ஒற்றைச் சொல் பதிலுக்குப் பிறகும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. இது அதைவிட எரிச்சல்!

ஆகவே மௌனத்தோடு, எழுத்தாக மாறிய பேச்சின் கடைசிச் சொல்லையும் கவனிக்க வைத்தேன். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவது இங்கே நல்ல வசதி. "குழுவோடு பேசி" என்று நின்றால் 3 விநாடி காத்திருக்கும்; "பேசி முடித்தேன்" என்றால் 0.7 விநாடியில் அடுத்த கேள்வி. "ஆனால்", "அதனால்" என்று இழுத்தாலும் காத்திருக்கும்.

ஒலிபெருக்கியில் வரும் தன் குரலையே பதிலாக எடுத்துக்கொண்ட கூத்து, எதிரொலி நீக்கியை இயக்கியதும் நின்றது.

மதிப்பெண் போடும் பகுதியை மட்டும் இன்னும் அணைத்தே வைத்திருக்கிறேன். தயங்கிப் பேசினால் விஷயம் தெரியாதவர் என்று அது நினைக்கிறது.