பன்ட் உதையில் பந்து தள்ளாடியதைச் சரிசெய்த கதை

அமெரிக்கக் கால்பந்தில் நான் பன்ட் (பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, தரையைத் தொடுமுன் உதைப்பது) அடித்தால், முட்டை வடிவப் பந்து சுழன்று போகாமல் தள்ளாடிப் போய் விழும். கால்தான் காரணம் என்றார்கள், ஆனால் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கையை விட்டு விலகும்போதே பந்தின் முனை மேலே தூக்கியிருந்தது. அப்புறம் உதைப்பதையே நிறுத்திவிட்டு, பந்தைக் கீழே விடும் பயிற்சி மட்டும்தான். நான் வலது கால்காரன்: தையல் மேலே, முனை சற்றே உள்பக்கமாகவும் துளி கீழாகவும், இடுப்பு உயரத்தில் கையை அப்படியே விலக்கிவிட வேண்டும், தூக்கிப் போடவே கூடாது. விழும் தூரம் குறைந்தால் காற்று பந்தைத் திருப்ப நேரமிருக்காது. காற்று பலமாக வீசும் நவம்பர் ஆட்டங்களில் இது பெரிய விஷயம். பாதத்தின் மேல் எலும்பில் சரியாகப் பட்டதும் சத்தமே மாறிவிட்டது, ‘டொப்’பென்று. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பந்து 4.5 விநாடி காற்றில் நின்றால் நல்ல உதை, எனக்கு 4 வந்தாலே போதும்.