பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைத் தூசி கிளம்பாமல் கழற்றுவது எப்படி

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பழைய சீற்றைக் கழற்றிவிட்டுக் கலர்த் தகரம் போடும் வேலைதான் எனக்கு இப்போது அதிகம் வருகிறது. வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை மணித்தியாலத்தில முடிப்பீங்க பாஸ்?" என்றுதான். நான் கேட்பது, தண்ணிக் குழாய் கூரை வரைக்கும் எட்டுமா என்று.

சீற் என்பது சீமெந்தோடு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளை அஸ்பெஸ்டஸ் நார் கலந்த பலகை. முழுசாகக் கூரையில் கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஆனால் இங்கே உப்புக்காற்றும் மழையும் மேல் சீமெந்தைக் கரைத்துவிடும். உடைந்த விளிம்பைக் கிட்டப் பாருங்கள், பஞ்சு மாதிரி மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். அது நீளவாக்கில் பிரிந்து பிரிந்து கண்ணுக்கே தெரியாத நாராகிவிடும். சுத்தியலால் அடித்தாலோ கிறைண்டர் வைத்தாலோ பறப்பது அதுதான்.

மூச்சோடு உள்ளே போன நாரில் கொஞ்சம், நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு வரைக்கும் போய்விடும். உடம்பின் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். நீளமான நாரை விழுங்க முடியாது. அணு செத்து, தன்னிடமுள்ள அழற்சி தரும் பொருளையெல்லாம் அங்கேயே கொட்டும், அந்த இடம் அழலும். அப்புறம் அடுத்த அணு வரும், அதற்கும் அதே கதி. இப்படி வருடக்கணக்காகப் புண்பட்டுப் புதுப்பிக்கும்போது சவ்வின் கலங்களில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிஏபி1 போன்ற மரபணுக்கள் கெட்டால், ஏதோ ஒரு கலம் அடங்காமல் பெருகத் தொடங்கும். மீசோதெலியோமா என்ற புற்றுநோய் அப்படித்தான் உருவாகிறது. தூசி சுவாசித்த நாளிலிருந்து 20 முதல் 50 வருடம் கழித்து வெளியே தெரியும்.

"நாங்க எவ்வளவு சீற் வெட்டினோம், ஒண்டும் ஆகேல்லையே" என்று பழைய கூரைவேலைப் பாஸ்மார் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் உடைந்த சீற்றை வெறுங்கையால் அள்ளியவர்களுக்கு அந்த 20 வருடம் இப்போதுதான் தாண்டியிருக்கிறது. சுவாசித்த எல்லாருக்கும் வரும் என்றில்லை. அதிகம் சுவாசித்தவருக்கு ஆபத்தும் அதிகம். ஆனால் இந்த அளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லை ஒன்று கிடையாது. 1960இல் தென்னாபிரிக்காவில் நீல அஸ்பெஸ்டஸ் சுரங்கங்களை ஒட்டி இந்நோயைக் கண்டபோது, சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாமல் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். நீலத்தை இலங்கை 1987இல் தடை செய்தது. வெள்ளையும் புற்றுநோய் தருவதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். கச்சான் காற்று கிளம்புமுன், விடியக் காலையிலேயே தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி யன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், பிள்ளைகள் முற்றத்தில் நிற்கக்கூடாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம் கலந்த தண்ணீரை மெதுவாகத் தூவி, சீற்றின் இரண்டு பக்கத்தையும் நனைத்துவிடுங்கள். வாகனம் கழுவும் அழுத்தக் குழாய் வேண்டாம், அது நாரைப் பிய்த்தெறியும். சீற்றின் மேல் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு நடங்கள். சீற் உடைந்து விழுந்து இடுப்பொடிந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

திருகோணமலையில் போல்ட் எல்லாம் துருவேறி இறுகித்தான் இருக்கும். அடிக்காதீர்கள். சீற்றைத் தொடாமல் போல்ட் தலையை மட்டும் போல்ட் கட்டரால் நறுக்கி, சீற்றை முழுசாகத் தூக்கி, கைக்குக் கை இறக்குங்கள். மேலிருந்து போடுவது, பிறகு உடைத்து முற்றத்துப் பள்ளத்தை நிரப்புவது, கோழிக்கூட்டுக்கு வெட்டுவது, எதுவும் வேண்டாம். மழைத்தண்ணி ஓடும் பீலிக்குள் இருக்கும் சேற்றைப் பலர் மறந்துவிடுவார்கள். இத்தனை மழையில் கழுவுண்ட நார் அங்கேதான் தங்கியிருக்கும். ஈரமாகவே அள்ளுங்கள். காய்ந்தபின் தும்புத்தடியால் கூட்டினால் அவ்வளவு பாடும் வீண்.

முகத்தில் சாரத்தைக் கட்டுவதும் கொரோனாக் கால நீல மாஸ்க்கும் உதவாது. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது, சவரம் செய்யுங்கள். உடுப்பை நனைத்து வெளியிலேயே கழற்றுங்கள். அதை மனைவியிடம் துவைக்கக் கொடுக்காதீர்கள். கணவனின் உடுப்பை உதறித் துவைத்ததாலேயே இந்நோய் வந்த பெண்கள் உலகத்தில் உண்டு. பழசை உடுத்து, முடிந்ததும் சீற்றோடு சேர்த்துத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். எங்கே புதைப்பது என்று பிரதேச சபையில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

பழைய பாஸ்மாருக்கு மூச்சு வாங்கினால், ஒரு பக்க நெஞ்சு நொந்தால், நுரையீரல் சவ்வுக்குள் நீர் கட்டியிருக்கிறது என்றால், சீற் வேலை செய்ததை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். காசநோயிலும் அப்படி நீர் கட்டும். சவ்வில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துத்தான் இந்நோயை உறுதி செய்வார்கள். எந்த வருடம், என்ன வேலை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், 40 வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும்.