ஊரில் ஓரிரவு தங்க: வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் பஸ் ஸ்டாண்டு லாட்ஜும்

விமான டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே போடுகிறவர்கள்கூட, சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி ஊருக்குப் போகும் வழியில் ஓரிரவு எங்கே தங்குவது என்று யோசிப்பதில்லை. நம்ம ஊர்தானே, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு லாட்ஜ் கிடைக்காமலா போகும் என்று இருந்துவிடுகிறார்கள். கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் கிடைக்காமல் போகும்.

காரணம் சி ஃபார்ம். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை விடுதிக்காரர் அரசின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய சட்டம் வந்தபின் படிவம் மாறிவிட்டது. கவுன்ட்டரில் இன்னும் பழைய பெயர்தான். இதை ஏற்ற விடுதிக்கென்று ஒரு கணக்கு வேண்டும். சிற்றூர் லாட்ஜ்கள் பல அதை வாங்குவதே இல்லை. வாங்கிய இடத்திலும் பாஸ்வேர்டு முதலாளியிடமோ மேனேஜரிடமோ இருக்கும். நள்ளிரவில் கவுன்ட்டரில் இருக்கும் பையனிடம் இருக்காது. நாளைக்கு போலீஸ் வந்து லெட்ஜரைப் புரட்டினால் திட்டு வாங்கப்போவது அவன். அதனால் 'ரூம் ஃபுல் சார்' என்று முடித்துவிடுவான். சத்தம் போட்டுப் பயனில்லை. பிறந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரர் என்று நிறுத்திவைப்பது சுடத்தான் செய்யும். அந்தச் சூட்டை அவனிடம் இறக்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையை நீட்டினாலும் கதை மாறாது. அது விசாவுக்குப் பதில்தான், குடியுரிமை இல்லை.

ஆகவே கிளம்பும் முன்பே பகல் நேரத்தில் போன் செய்யுங்கள். 'ரூம் இருக்கா' என்று கேட்காதீர்கள், 'இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். 'வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு சி ஃபார்ம் போடுவீங்களா' என்று கேளுங்கள். ஆம் என்றால் யார் பேசுவது என்று பெயரைக் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் விசா அல்லது ஓசிஐ அட்டையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முன்பதிவுத் தளத்தில் பணம் கட்டி உறுதியான அறையைக்கூட கவுன்ட்டரில் மறுக்கிறார்கள், அந்தத் தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட், விசா, வருகை முத்திரைப் பக்கம் மூன்றுக்கும் நகல் நான்கைந்து வைத்திருங்கள். இரவில் ஜெராக்ஸ் கடை திறந்திருக்காது. எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே, இந்தியாவில் தொடர்பு முகவரி என்ன என்றெல்லாம் படிவம் கேட்கும்.

தம்பியின் ஆதார் அட்டையைக் கொடுத்து அறை எடுத்துவிட்டு நீங்கள் படுத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். எல்லோரும் சொல்லும் யோசனை இதுதான். சோதனை வந்தால் பதில் சொல்லப்போவது தம்பி. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவன் அதே ஊரில்தான் இருக்கப்போகிறான்.

மாற்று வழிகளும் உண்டு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு' மதுரை, திருச்சி, இராமேசுவரம், கன்னியாகுமரியில் இருக்கிறது; அங்கே வெளிநாட்டு பாஸ்போர்ட் புதிதல்ல. ரயிலில் போகிறவர்கள் பெரிய நிலையங்களில் உள்ள ஓய்வறையை, டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். எதுவானாலும் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணத்திலும், பௌர்ணமியில் திருவண்ணாமலையிலும் கடைசி நேரத்தில் அறை தேடி அலையக் கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள். போன் வெளிச்சத்தில் மெத்தையின் தையல் ஓரம், கட்டிலின் தலைமாட்டு இடுக்கு இரண்டையும் தேடுங்கள். குண்டூசித் தலை அளவுக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. வேறு அறை கேளுங்கள், அடுத்த அறை வேண்டாம். சுவர் இடுக்கு வழியாக அங்கும் போயிருக்கும். வேறு வழியின்றித் தங்கினால் பெட்டியைக் கட்டிலிலோ அதன் அருகிலோ வைக்காமல் குளியலறையில் வையுங்கள். திரும்பியதும் துணிகளை 60 டிகிரி நீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

உள் தாழ்ப்பாள் கதவு நிலைக்குள் முழுசாக இறங்குகிறதா, சன்னல் வலையில் கிழிசல் உண்டா என்றும் பாருங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், காலையில் மட்டும் விடுகிற இடங்கள் உண்டு. வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 வரையா? இரவு 11 மணிக்கு நுழைகிறவருக்கு இதில் பாதி நாள் போய்விடும். ரசீதில் நேரத்தை எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு கார்டு பல கவுன்ட்டர்களில் வேலை செய்யாது, ரொக்கம் வேண்டும்.

'நம்ம வீடு இருக்கறப்ப லாட்ஜா?' என்று சித்தி கேட்பார். அந்தக் கேள்விக்கு எத்தனை வருடம் கழித்துப் போனாலும் நல்ல பதில் கிடையாது. ஓரிரவாவது அங்கே தங்குங்கள். ஆனால் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் தனி வீட்டுக்கும் அதே பதிவுக் கடமை உண்டு. சித்திக்கு இது தெரிந்திருக்காது. வந்த அன்றே, சாப்பாட்டுக்கு உட்காரும் முன், வீட்டில் படித்த பிள்ளையை அழைத்து வீட்டு உரிமையாளர் பெயரில் கணக்குத் தொடங்கிப் பதிந்துவிடுங்கள். பதிவின் நகலையும் சேமித்துக்கொள்ளுங்கள். பின்னால் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.